பாலாடையும் மூளை மடிப்பும்

மலையடிவார ஊரான தேவதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் ஆட்டு மூளை வாங்கியவர்களுக்கு அதன் வளைந்து நெளிந்த மேடு பள்ளங்கள் நன்றாகத் தெரியும். கழுவும்போது அந்தப் பள்ளங்களுக்குள் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்களை விரலால் உரித்தெடுப்பார்கள். மனித மூளையில் இந்த மடிப்புகள் இன்னும் நெருக்கமானவை. எலி மூளையோ வழுவழுவென்று இருக்கும்.

மடிப்புகளுக்குக் காரணம் கேட்டால், 'மண்டை ஓடு சிறியது, மூளை பெரியது, அதனால் கசங்கிவிட்டது' என்பார்கள் பலர். மனித மூளையின் மேலுறையான புறணியை விரித்தால் ஏறக்குறைய 2,000 சதுர செ.மீ. வரும். நாளிதழின் ஒரு பக்கம் அளவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்திருக்கிறது. ஆகவே இடநெருக்கடிதான் காரணம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த விளக்கம் போதாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து, இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் எல். மகாதேவனும் அவரது குழுவினரும் 2016இல் வெளியிட்ட சோதனை இதைக் கண்ணெதிரே காட்டியது. 22 வாரக் கருவின் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்து, அதே வடிவில் ஜெல்லியால் ஒரு வழவழப்பான மூளையைச் செய்தார்கள். அதன் மேல் மெல்லிய ஜெல் பூச்சு ஒன்று. கரைப்பானில் போட்டதும் மேல்பூச்சு அதை உறிஞ்சி ஊதியது. உள்பகுதி அந்த அளவுக்கு ஊதவில்லை. விரிய இடமின்றி மேற்பரப்பு உள்நோக்கி மடிந்தது. சில நிமிடங்களில் மனித மூளையைப் போன்ற மேடு பள்ளங்கள் உருவாயின. இத்தனைக்கும் சுற்றிலும் மண்டை ஓடு என்று எதுவும் இல்லை!

பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஆறிய பாலின் மேல் படிந்த ஆடையைக் கரண்டியால் ஓரமாகத் தள்ளினால் சுருக்கம் விழும். பாலாடையை நாம் வெளியிலிருந்து தள்ளுகிறோம். புறணியோ தானே வளர்ந்து தன்னையே நெருக்கிக்கொள்கிறது. செல்கள் எங்கே, எவ்வளவு வேகமாகப் பெருக வேண்டும் என்பதை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. மடிக்கும் வேலையை இயற்பியல் பார்த்துக்கொள்கிறது.

மடிப்பு கூடினால் அறிவு கூடும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. தேவதானம் மலையடிவாரத் தோப்புகளுக்கு இறங்கிவரும் யானையின் மூளை நம் மூளையைவிட மும்மடங்கு எடை, மடிப்புகளும் அதிகம். ஆனால் ஆப்பிரிக்க யானையின் மூளையை 2014இல் கணக்கிட்டபோது, புறணியில் சிந்தனைக்கு அடிப்படையான நரம்பணுக்கள் சுமார் 560 கோடியே இருந்தன. மனிதப் புறணியில் சுமார் 1,600 கோடி.

கருவில் மடிப்புகள் விழத் தொடங்கும் காலத்தை நுணுக்கமாகப் பார்க்க இப்போது சென்னையே வழி திறந்திருக்கிறது. ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், இரண்டாம் மும்மாதக் கருக்களின் மூளைகளைச் சீவி எடுத்த 5,132 துண்டுகளின் படங்களை 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. கட்டணம் கிடையாது; இணையத்தில் யாரும் பார்க்கலாம். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உயிரியல் நடத்தும் ஆசிரியர்கள், பாடநூலின் கோட்டோவியத்தோடு நிறுத்தாமல், ஒரு வகுப்பிலாவது மாணவர்களுக்கு அந்தப் படங்களைத் திறந்து காட்ட வேண்டும்.