இணைய விளையாட்டும் காலத் தாமதமும்

இணையத்தின் வழியாகப் பலர் கூடி ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளில் வெற்றியும் தோல்வியும் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிவாகிவிடுகின்றன. எதிரியைக் குறி தவறாமல் சுட்ட பின்னும் தாமே வீழ்ந்து கிடப்பதைத் திரையில் காணும் ஆட்டக்காரர், இணைப்பின் வேகம் போதவில்லை என்று முடிவு செய்து, 100 மெகாபிட் சந்தாவை விடுத்து 300 மெகாபிட் சந்தாவுக்கு மாறுகிறார். செலவு கூடுகிறது, தாமதமோ பெரும்பாலும் முன்போலவே இருக்கிறது. இதற்குக் காரணம் யாது?

வேகம் என்னும் ஒரே சொல் இரு வேறு பொருள்களில் வழங்குவதே குழப்பத்தின் வேர். ஒரு வினாடியில் எவ்வளவு செய்தி செல்லும் என்பது ஒன்று. ஒரு சிறு செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது மற்றொன்று. சந்தா விளம்பரங்கள் கூறுவது முதலாவதை. விளையாட்டுக்கு வேண்டுவது இரண்டாவது. ஆட்டக்காரரின் கணினி வினாடிக்கு 64 முறை, முறைக்கு 100 பைட் வீதம் செய்தி அனுப்புவதாகக் கொண்டாலும், மொத்தம் 51,200 பிட் மட்டுமே ஆகும். இது ஒரு மெகாபிட்டில் இருபதில் ஒரு பங்குதான்.

தாமதத்தின் ஒரு பகுதி இயற்கை விதித்தது. கண்ணாடி இழையினுள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. வெற்றிடத்தில் செல்வதில் இது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. தில்லியிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,150 கிலோமீட்டர். ஆகவே மும்பையிலுள்ள சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பக் குறைந்தது 11 மில்லி வினாடி வேண்டும். சென்னை வழியாகச் சிங்கப்பூர் செல்வதாயின் தூரம் 4,600 கிலோமீட்டருக்குமேல். போய்வரும் நேரமும் 46 மில்லி வினாடியாக உயரும். கம்பிகள் நேர்க்கோட்டில் செல்லாமையால் உண்மையில் இன்னும் கூடுதலாகும். எந்தச் சந்தாவும் எந்த அமைப்பும் இதைக் குறைக்க இயலாது. அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே வழி.

மற்றொரு பகுதி வீட்டிலேயே பிறக்கிறது. தபால் நிலையத்தில் ஒரே ஓர் அஞ்சலட்டை அனுப்ப வந்தவர், மூட்டை நிறையப் பார்சல்களுடன் நிற்பவருக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? வீட்டில் ஒருவர் விளையாடும்போது இன்னொருவர் தம் படங்களையெல்லாம் இணையத்தில் ஏற்றத் தொடங்கினால் நேர்வது இதுவே. மோடத்தினுள் காத்திருக்கும் செய்திகளைத் தேக்கிவைக்க ஒரு நினைவகம் உண்டு. அது 256 கிலோபைட் கொள்வது என்றும், வெளியே செல்லும் பாதை வினாடிக்கு ஒரு மெகாபிட் என்றும் வைத்துக்கொள்வோம். அந்நினைவகம் நிரம்பியபின் வரும் துப்பாக்கிக் குண்டு தன் முறைக்காக இரண்டு வினாடிக்குமேல் காத்திருக்கும். சிங்கப்பூரின் தொலைவு இதன்முன் ஒரு பொருட்டன்று.

நினைவகத்தைப் பெரிதாக்கினால் செய்தி இழப்பு குறையும் என்று எண்ணியே கருவி செய்வோர் இவ்வாறு அமைத்தனர். ஆனால் கோப்புகளை அனுப்பும் டிசிபி முறை, செய்தி இழப்பைக் கண்டே பாதை நிரம்பியதை உணர்ந்து தன் வேகத்தைத் தணிக்கிறது. இழப்பை மறைத்துவிட்டால் அது மேலும் மேலும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. நன்மை கருதிச் செய்ததே தீமையாயிற்று. ஜிம் கெட்டிஸ் என்னும் கணினி வல்லுநர் 2010-ல் தம் வீட்டு இணைப்பில் இதனைக் கண்டறிந்து, 'பஃபர்புளோட்' எனப் பெயரிட்டார். 2012-ல் காத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் ஒரு மாற்று முறையை வெளியிட்டனர். வரிசை எவ்வளவு நீளம் என்பதை விட்டு, செய்தி அதில் எவ்வளவு நேரம் நின்றது என்பதை இம்முறை கணிக்கிறது. அந்நேரம் 5 மில்லி வினாடிக்குமேல் நீடித்தால், சிலவற்றை வேண்டுமென்றே கைவிட்டு அனுப்புவோருக்குக் குறிப்பு உணர்த்துகிறது. பின்னர் இதனோடு, ஒவ்வொரு பயனுக்கும் தனி வரிசை வகுக்கும் ஏற்பாடும் சேர்ந்தது. அஞ்சலட்டைக்குத் தனி ஜன்னல் திறந்தது போல.

இவ்வசதியுள்ள ரௌட்டரில் செய்ய வேண்டிய அமைப்பு முதலில் வியப்பளிக்கும். இணைப்பின் உண்மை வேகத்தை அளந்து, அதில் 90 சதவீத அளவையே வரம்பாகக் குறிக்க வேண்டும். அப்போது வரிசை மோடத்தில் சேராமல், அதை ஒழுங்குபடுத்த அறிந்த ரௌட்டரிலேயே சேரும். வேகத்தில் பத்திலொரு பங்கை விட்டுக்கொடுத்தால்தான் மறுமொழி விரைந்து வருகிறது.

விளையாட்டுகளும் தாமதத்தைச் சமாளிக்கச் சில உபாயங்களைக் கொண்டுள்ளன. 1996-ல் வெளிவந்த குவேக், அறைக்குள் இணைத்த கணினிகளுக்கு ஏற்றதாக இருந்தது. தொலைபேசி மோடத்தில் ஆடியோர், ஓர் அடி முன்வைக்கவும் சர்வரின் விடைக்குக் காத்திருந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் வந்த குவேக்வேர்ல்டில், ஆட்டக்காரரின் கணினியே விடையை முன்னதாக ஊகித்து நகர்த்தலாயிற்று. எதிரிகளின் இயக்கத்தையோ அவ்வாறு ஊகிக்க இயலாது. ஆகவே அவர்களைச் சற்றுப் பழைய நிலையிலேயே திரை காட்டுகிறது. வினாடிக்கு 20 செய்தி வரும் விளையாட்டில் இவ்விடைவெளியை 100 மில்லி வினாடியாக வைத்தனர். ஒரு செய்தி தவறினாலும் காட்சி குலையாது. வினாடிக்கு 64 செய்தி வருமாயின் அதே காப்புக்கு 31 மில்லி வினாடி போதும். செய்தி இழப்பில்லாத இணைப்புக்கு இதைக் குறைக்கலாம். இழப்புள்ள இணைப்பில் குறைத்தால் எதிரி துள்ளித் துள்ளித் தெரிவான்.

சுடும்போது சர்வர் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றி, சுட்டவர் கண்ட காட்சியில் குறி பட்டதா என்று தீர்ப்பளிக்கிறது. சுவருக்குப் பின்னால் ஒளிந்த பின்னும் ஒருவர் மடிவது இதனாலேயே. இது மோசடியன்று, இருவர் கண்ட இரு காலங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு.

'நேகிள்' என்னும் 1984-ஆம் ஆண்டு முறையை நிறுத்தினால் தாமதம் ஒழியும் என்று சிலர் கூறுவதுண்டு. அது டிசிபிக்கு உரியது. துப்பாக்கி விளையாட்டுகள் பெரும்பாலும் 1980-ல் வகுக்கப்பட்ட யூடிபி முறையில் இயங்குவதால், அவற்றுக்கு அதனால் பயனில்லை.

எது குறை என்று அறியச் சோதனை எளிது. இணைப்பு ஓய்வாக இருக்கும்போது 'பிங்' அளவை ஒரு முறையும், பெரிய கோப்பொன்றை ஏற்றிக்கொண்டே மறுமுறையும் பார்க்க வேண்டும். முதல் அளவு 20 ஆகவும் இரண்டாவது 400 ஆகவும் இருப்பின் குற்றம் வரிசையினுடையது. இரண்டும் ஒன்றுபோல் உயர்ந்திருந்தால் தொலைவே காரணமாகலாம். அளவு நிலையின்றித் தாவினால் வைஃபையை ஐயுறலாம். ஒரே அலைவரிசையை அண்டை வீட்டாரும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவில் மைக்ரோவேவ் அடுப்பும் பங்கிட்டுக்கொள்வதால், கணினியைக் கம்பி வழியாக ரௌட்டரோடு இணைத்து அளவை மீண்டும் எடுத்தல் வேண்டும்.