ஒரு செமஸ்டர் படிப்பைத் தள்ளிவைக்கலாமா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படிச்சிடுங்க

வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் அம்மாவின் குரல்: "அப்பாவுக்கு ஸ்ட்ரோக்காம், ஈப்போ பெரியாஸ்பத்திரியில சேர்த்திருக்கு. நீ பயப்படாத." மறுநாள் காலையிலேயே கோலாலம்பூர் டி.பி.எஸ்.ஸில் பஸ் பிடித்து ஓடுகிறீர்கள். ரெண்டு நாள் கழித்து, தானா ராத்தா, பிரிஞ்சாங் எல்லாம் தாண்டி திரிங்காப் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மனசு ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது: படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போயிடலாம். தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டின அப்பாவின் சம்பளத்தில்தான் வீடே ஓடியது. வேற என்ன வழி?

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் மலையிலிருந்து இறங்கிப் படிக்க வந்த பலருக்கு இது புதிதாக இருக்காது. அந்த முடிவு தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் படிப்பைத் தள்ளிவைப்பது வேறு, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுவது வேறு.

முறைப்படி செய்தால் அதற்குப் பெயர் 'தங்கோ பெங்காஜியான்'. விண்ணப்பம் கொடுத்து, அனுமதிக் கடிதம் வாங்கினால் உங்கள் இடம் உங்களுக்கே. கடிதம் இல்லாமல் அடுத்த செமஸ்டர் பதிவு செய்யாமல் விட்டால், மாணவர் என்ற தகுதியே போய்விடலாம். பாதி செமஸ்டரில் கிளம்பிவிட்டால் எழுதாத பரீட்சைகள் தோல்வியாகப் பதிவாகி பி.என்.ஜி.கே.வை இழுத்துவிடும். அது 2.00க்குக் கீழே போனால் திரும்பி வரும்போது கண்காணிப்புப் பட்டியலில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

காரணமும் முக்கியம். உங்களுக்கே உடல்நலமோ மனநலமோ சரியில்லை என்று மருத்துவர் கடிதம் இருந்தால், பொதுவாக அந்தக் காலம் படிப்புக்கான உச்ச வரம்பில் கணக்காகாது. குடும்பம், பணம் போன்ற காரணம் என்றால் பெரும்பாலும் கணக்கில் சேரும். பல பல்கலைக்கழகங்களில் முதல் செமஸ்டரிலேயே மருத்துவம் அல்லாத காரணத்துக்கு அனுமதி கிடைப்பதும் கஷ்டம். கடைசித் தேதி வாரக் கணக்கில் இருக்கும், இடத்துக்கு இடம் மாறும். ஃபேகல்டி அலுவலகத்தில் நேரில் கேளுங்க, சீனியர் சொன்னதை நம்பிவிடாதீங்க.

யாரும் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. சில பாடங்கள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். அதை முடித்தால்தான் அடுத்த பாடம் எடுக்க முடியும். அந்த செமஸ்டரைத் தவறவிட்டால், நீங்கள் கேட்டது ஆறு மாசம், போவது ஒரு வருஷம். நானும் படிக்கிற காலத்தில் ஒரு செமஸ்டர் தள்ளிவைத்தவள்தான். இதைத் தெரிந்துகொண்டதே திரும்பி வந்து டைம்டேபிளைப் பார்த்தபோதுதான்!

பி.டி.பி.டி.என். என்ன ஆகும்?

தள்ளிவைக்கும் காலத்தில் கடன் பணம் வராது. திரும்பிப் பதிவு செய்து, உங்கள் நிலையைக் கல்வி நிலையம் புதுப்பித்த பிறகுதான் தொடரும். அதனால் திரும்பும் முதல் மாசச் செலவுக்குக் கையில் கொஞ்சம் வைத்திருங்க. ஒரேயடியாக நின்றுவிட்டால் கதை வேறு. பட்டம் இருக்காது, வாங்கின கடனைக் கட்ட வேண்டியது மட்டும் இருக்கும்.

சரி, வேலைக்குப் போனால் எவ்வளவு வரும்? குறைந்தபட்சச் சம்பளம் 2025லிருந்து மாதம் 1,700 வெள்ளி. இ.பி.எஃப்., சொக்சோ பிடித்தம் போக கைக்கு ஏறக்குறைய 1,500. ஆறு மாசத்துக்கு 9,000. கேமரனில் தேயிலை பறிக்கிற வேலையில் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான். உங்களுக்குக் கிடைக்கக்கூடியது ஹோட்டல், ஸ்ட்ராபெர்ரி பண்ணை, காய்கறிக் கடை. பள்ளி விடுமுறையில் ஆள் தேடுவார்கள், மற்ற மாசங்களில் அந்த அளவுக்கு வேலை இருக்காது.

அந்தப் பணத்துக்காக மட்டும் படிப்பை நிறுத்தப் போறீங்கன்னா, முதலில் அப்பாவின் சொக்சோவைப் பாருங்க. 60 வயதுக்குள் நோயால் வேலை செய்ய முடியாமல் போனவர், போதிய மாதங்கள் சந்தா கட்டியிருந்தால், இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவ வாரியம் ஏற்றுக்கொண்டால் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை மாதாமாதம் கிடைக்கும். அப்பா தவறிவிட்டால் வாரிசு ஓய்வூதியம் உண்டு. அதில் பிள்ளையின் பங்கு 21 வயது வரை. உயர்கல்வியில் இருந்தால் முதல் பட்டம் முடிக்கும் வரை. திருமணம் ஆனால் நின்றுவிடும். அதாவது, 21 தாண்டிய நீங்கள் படிப்பை விட்டால் அந்தப் பங்கையும் விடுகிறீர்கள். தோட்டத்து வீடுகளில் இந்த ஃபாரத்தை யார் நிரப்புவது என்று தெரியாமலே மாசங்கள் போய்விடும். அம்மாவுக்கு உங்கள் சம்பளத்தைவிட, கூடப் போய் அந்த ஃபாரத்தை நிரப்பித் தரும் ஒரு வாரம் அதிகம் உதவலாம்.

பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவான எச்.இ.பி.யையும் கேட்டுப் பாருங்க. அவசர நிதி உண்டா, பாடங்களைக் குறைத்து எடுக்கலாமா, கவுன்சலரைப் பார்க்கலாமா என்று. தூக்கமே வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் 15555 என்ற ஹீல் எண்ணில் பேசலாம்.

இதெல்லாம் பார்த்த பிறகும் நின்றுதான் ஆகணும்னா, நில்லுங்க. பராமரிக்க ஆள் இல்லாத வீட்டில் ஒரு செமஸ்டர் இருப்பது தோல்வி இல்லை. போகும் முன் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: அனுமதிக் கடிதம், திரும்பிப் பதிவு செய்ய வேண்டிய தேதி, திரும்பும் செமஸ்டரில் எடுக்க வேண்டிய பாடங்கள். தேதியை ஃபோனில் மட்டும் போடாமல் வீட்டுக் காலண்டரிலும் வட்டம் போட்டு அம்மாவிடம் காட்டிவிடுங்க. நீங்க மறந்தாலும் அவங்க ஞாபகப்படுத்துவாங்க.