அப்பா விற்ற ஆர்எக்ஸ் 100-ஐ மகன் ஏன் லட்சம் கொடுத்துத் தேடுகிறார்?

கெங்கவல்லி பக்கம் ஒரு சாயங்கால வேளையில் டீக்கடை வாசலில் நின்று பாருங்கள். ஷோரூம் பளபளப்பு போகாத பைக்குகள் வரிசையாக ஆத்தூர் ரோட்டில் போகும். யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து தம்மம்பட்டி பக்கமிருந்து ஒரு பழைய யமஹா வரும். வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு பேராவது எழுந்து பார்ப்பார்கள். வண்டி நின்றுவிட்டால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அண்ணே, குடுக்கற ஐடியா இருக்கா?"

அந்த வண்டியின் உற்பத்தி நின்றது 1996 மார்ச்சில். கேட்கிற தம்பிகளில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

ஒரு காலத்தில் "பெட்ரோல் குடிக்குது, புகை அடிக்குது" என்று சொல்லி, வந்த விலைக்குத் தள்ளிவிட்ட வண்டி இது. அறிமுகமானபோது இருபதாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. இன்றைக்கு நன்றாகப் புதுப்பித்த ஆர்எக்ஸ் 100-க்கு விளம்பரங்களில் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். அந்த விலைக்கு ஏபிஎஸ் பிரேக், ஐந்து வருட வாரண்டியோடு புது பைக்கே வாங்கலாம். அப்புறம் ஏன்?

நான்கு ஜப்பான், ஒரு சந்தை

எண்பதுகளின் தொடக்கம் வரை இந்தியாவில் பைக் என்றால் புல்லட், ராஜ்தூத், ஜாவா, யெஸ்டி. வெளிநாட்டு நிறுவனங்களோடு கூட்டு சேர அரசு வழிவிட்டதும் ஜப்பானிய நிறுவனங்கள் நான்கும் ஒவ்வொரு இந்தியக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தன. 1984-ல் ஓசூரில் டிவிஎஸ்ஸோடு சுசுகி, 1985-ல் ஹீரோவோடு ஹோண்டா, பஜாஜோடு கவாசாகி, எஸ்கார்ட்ஸோடு யமஹா. நான்குமே 100 சிசி வண்டிகள்.

எஸ்கார்ட்ஸும் யமஹாவும் அதற்கு முன்பே 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் ஆர்டி 350-ஐ இறக்கி, அது விலையிலும் மைலேஜிலும் அடிவாங்கியிருந்தது. (அதே ஆர்டி 350 இன்றைக்குச் சில லட்சங்களுக்குப் போகிறது என்பது தனிக் கதை.) அடுத்ததாக 1985 நவம்பரில் வந்ததுதான் ஆர்எக்ஸ் 100. முதலில் வந்த வண்டிகள் ஜப்பானிலிருந்து உதிரிகளாக இறக்கி இங்கே பூட்டப்பட்டவை. அதனால்தான் "ஜப்பான் இன்ஜினாண்ணா?" என்ற கேள்வி இன்றும் விலையைத் தீர்மானிக்கிறது.

வண்டியின் ரகசியம் எளிமையானது. சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 98 சிசி. அதிலிருந்து 11 குதிரைத் திறன். வண்டியின் எடையோ ஏறத்தாழ 100 கிலோதான். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவை பெட்ரோல் வெடிக்கும். இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஆக்சிலேட்டரைத் திருகியதும் முன் சக்கரம் தூக்கப் பார்க்கும் அந்தத் துள்ளல் இதனால் வருவது.

அந்தத் துள்ளல் நல்ல பெயரை மட்டும் வாங்கித் தரவில்லை. சங்கிலி பறித்துவிட்டுத் தப்புகிறவர்களுக்குப் பிடித்த வண்டி என்ற கெட்ட பெயரும் சேர்ந்தே வந்தது. பெண் பார்க்கப் போகும்போது மாப்பிள்ளை இந்த வண்டியில் வந்தால் யோசித்த வீடுகள் உண்டு.

இந்தப் பக்கத்தில் ஏன் இவ்வளவு மவுசு?

கெங்கவல்லி, கூடமலை, தம்மம்பட்டி, வீரகனூர் எல்லாம் குச்சிக்கிழங்கும் பாக்கும் விளைகிற மண். ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை. கிழங்குக்கு நல்ல விலை கிடைத்த வருஷம் வீட்டுக்கு வருகிற முதல் ஆடம்பரம் பைக்காக இருந்தது. பால் கேனுக்கும் புண்ணாக்கு மூட்டைக்கும் டிவிஎஸ் 50. வீட்டுப் பெரிய பையனுக்கு யமஹா. அப்படி ஒரு பிரிவினை பல குடும்பங்களில் இருந்தது.

இன்னொரு காரணம் கைத்தொழில். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி பூட்டுகிறார்கள். இந்தச் சுற்று வட்டாரத்தில் டிங்கர், பெயின்டர், லேத் பட்டறைக்காரர் என்று ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பெருநகரத்தில் இதையே 'ரெஸ்டோரேஷன் ஸ்டூடியோ' என்று பெயர்ப் பலகை மாட்டிச் செய்கிறார்கள். இங்கே அது பட்டறை வேலை.

ஏக்கத்துக்கு வயது 16, சம்பளத்துக்கு வயது 36

பொம்மை, பைக், சினிமா போஸ்டர், கிரிக்கெட் ஜெர்சி என்று வளர்ந்தவர்கள் காசைக் கொட்டிச் சேர்ப்பதை உலகம் முழுக்க வியாபாரிகள் கவனித்துவிட்டார்கள். 'கிட்' என்பதையும் 'அடல்ட்' என்பதையும் ஒட்டி 'கிடல்ட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மேட்டல் நிறுவனம் 1968-ல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய ஹாட் வீல்ஸ் கார்களைச் சென்னையில் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்று வாங்குவது ஐடி ஊழியர்கள்தான். 1995 முதல் வருகிற 'ட்ரெஷர் ஹன்ட்' கார் ஒன்று கிடைக்குமா என்று அட்டை அட்டையாகப் புரட்டுகிறார்கள்.

பழைய வாகனங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 16 வயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காத வண்டியை, கையில் காசு வந்ததும் மனிதர்கள் தேடுகிறார்கள். அமெரிக்காவில் வெளிநாட்டு கார் 25 வயதைத் தாண்டினால்தான் எளிதாக இறக்குமதி செய்ய முடியும். 1999-ல் வந்த நிசான் ஸ்கைலைன் ஆர்34 காருக்கு 2024-ல் அந்த வயது வந்தது. வீடியோ கேமிலும் சினிமாவிலும் அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை காத்துக்கொண்டிருந்தது. கெங்கவல்லியிலும் கதை இதேதான். அண்ணன்மார் ஓட்டியதைப் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்த பையன், இன்று பெங்களூருவிலோ ஓசூரிலோ சம்பளம் வாங்குகிறார்.

ஆனால் ஒரு பொம்மைக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. லபுபு பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் ஆள் உயர லபுபு ஒன்று 10.8 லட்சம் யுவானுக்கு, அதாவது ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போனது. அதே வருடம் பாப் மார்ட் நிறுவனம் உற்பத்தியைக் கூட்டியதும் மறுவிற்பனை விலை சரிந்தது. ஆர்எக்ஸ் 100-ஐ அப்படி யாரும் இனிமேல் செய்யப் போவதில்லை. ஆர்எக்ஸ் 100 என்ற பெயரை மீண்டும் கொண்டுவரும் எண்ணத்தை யமஹா இந்தியாவின் தலைவராக இருந்த ஐஷின் சிஹானா 2022-ல் வெளிப்படுத்தினார். ஆனால் இன்றைய பிஎஸ்6 விதிகளுக்குள் அந்தப் பழைய இன்ஜின் வர முடியாது என்பதும் அப்போதே தெளிவானது.

இன்னொரு வகைத் தேடலும் உண்டு. சிலருக்கு ஏதோ ஒரு ஆர்எக்ஸ் போதாது. 'அந்த' வண்டிதான் வேண்டும். தங்கை கல்யாணத்துக்கோ, கிணறு வெட்டவோ அப்பா விற்ற வண்டி. பதிவெண் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயரின் பாதி எழுத்துகள் நட்சத்திரக் குறியாக வரும். அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராக விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வண்டியை வைத்திருப்பவருக்கு அது தெரிந்துவிட்டால் விலை ஏறும். பாசம் தெரிந்தால் பேரம் படியாது.

எது ஒரிஜினல்?

டேங்க், சைடு கவர், சீட், ரிம், மட்கார்டு என எல்லாமே இன்று புதிதாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் போலி வார்ப்பு. பளபளக்கும் வண்டி என்பதால் பழைய பாகம் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. விவரம் தெரிந்தவர்கள் பெயின்டைப் பார்ப்பதில்லை. சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பார்க்கிறார்கள். எண்களின் முன்னால் ஆர்எக்ஸ் 100-க்கான '1எல்1' இருக்கிறதா, எழுத்துகளைச் சுற்றி ராவிய தடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அடுத்த கேள்வி 'எத்தனை போர் ஏறியிருக்கு?' என்பது. சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் பெரிதாக்கி, அடுத்த அளவு பிஸ்டன் போடுவார்கள். இப்படிச் சில தடவைதான் செய்ய முடியும். அப்புறம் சிலீவ் அடிக்க வேண்டும். கம்பெனி அளவில் இன்னும் இருக்கிற சிலிண்டர் கிடைத்தால் அதற்குத் தனி மதிப்பு.

பணம் போகும் இடம்: ஆர்சி

ஆசைப்பட்டவர்கள் அதிகம் ஏமாறுவது இன்ஜினில் இல்லை, காகிதத்தில்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 1995-ல் பதிவான வண்டி 2010, 2015, 2020, 2025 என நான்கு முறை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். தோட்டத்துக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த வண்டியில் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது. 15 வயது கடந்த இருசக்கர வாகனத்தின் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.300-லிருந்து ரூ.1,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில், 20 வயதைத் தாண்டியவற்றுக்கு ரூ.2,000 ஆனது. தாமதத்துக்கு மாதம் ரூ.300 என்ற கூடுதல் கட்டணமும் பசுமை வரியும் தனி.

இது பணத்தோடு முடிகிற சிக்கல். பெரிய சிக்கல்கள் வேறு. பழைய ஆர்சி புத்தக வடிவில் இருந்தது. அதன் விவரம் 'வாகன்' கணினிப் பதிவில் ஏறியே இருக்காது. அதை ஏற்றாமல் பெயர் மாற்ற முடியாது. வண்டி கைமாறி கைமாறி வந்திருக்கும், ஆனால் ஆர்சியில் முதல் உரிமையாளர் பெயரே நிற்கும். அவர் இருந்தால் படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்க வேண்டும். இறந்திருந்தால் முதலில் வாரிசுச் சான்றோடு படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். நான்கு பிள்ளைகள் நான்கு ஊரில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கே உரிய ஒரு முடிச்சும் உண்டு: பைனான்ஸ். அந்தக் கால வண்டிகளில் பல உள்ளூர் பைனான்ஸில் எடுத்தவை. கடன் அடைந்துவிட்டது, ஆனால் ஆர்சியில் எச்.பி. அடிக்கப்படவில்லை. அடிக்க வேண்டுமென்றால் பைனான்ஸ்காரர் படிவம் 35-ல் ஒப்புதல் தர வேண்டும். அந்த பைனான்ஸ் மூடிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

"ஆர்சி மட்டும் இல்லை, மத்தபடி வண்டி தங்கம்" என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுப்பவர்களிடம்தான் இளைஞர்கள் விழுகிறார்கள். ஆர்சி இல்லாத வண்டி திருட்டு வண்டியாக இருந்தால், வாங்கியவரும் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆர்எக்ஸ் 100 திருடுபோகிற செய்தி அபூர்வமானதல்ல. ஓடாமல் கிடந்த ஒரு வண்டியின் ஆர்சியை வாங்கி, அதன் எண்ணை வேறு சேசிஸில் குத்துவதும் நடக்கிறது. வெளிமாநில வண்டி என்றால் அந்த மாநில அலுவலகத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் இங்கே பதிவு செய்ய முடியாது.

ஒன்றரை லட்சம் செலவழித்த பிறகு வண்டி திருடுபோனால்? பெரும்பாலானோர் எடுத்திருப்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. அதில் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது. இவ்வளவு பழைய வண்டிக்கு முழுக் காப்பீடு கிடைப்பதும் கஷ்டம். பூட்டுக்கு மேல் பூட்டு போட்டு, வீட்டுக்குள்ளேயே ஏற்றி நிறுத்துகிறார்கள்.

சத்தமும் புகையும்

ரசிகர்களுக்குச் சங்கீதமாகக் கேட்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படிக் கேட்பதில்லை. கம்பெனி சைலன்சரைக் கழற்றி 'எக்ஸ்பேன்ஷன் சேம்பர்' மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-ன் கீழ் ரூ.10,000 வரை அபராதம் விதிக்கலாம். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. ஆர்எக்ஸ் 100-ல் 135 சிசி இன்ஜினை உட்கார வைத்து ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புகையை மறைத்துப் பேசவும் முடியாது. இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிகிறது. எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி அப்படியே வெளியே போகிறது. 1996 ஏப்ரலில் கடுமையான மாசு விதிகள் வருவதற்கு முந்தைய மாதத்தோடு ஆர்எக்ஸ் 100 நின்றது தற்செயல் இல்லை. ஊரில் நாலு வண்டி ஓடினால் யாருக்கும் தெரியாது. நாற்பது வண்டி ஊர்வலம் போனால் தெரியும்.

இப்போதைக்குச் சட்டத்தின் பார்வையில் ஆர்எக்ஸ் 100 வெறும் பழைய வண்டிதான். 2021-ல் வந்த மத்திய விதிகளின்படி 50 வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் வைத்திருக்கும் வாகனம்தான் 'விண்டேஜ்'. அதற்குப் புதுப் பதிவுக் கட்டணம் ரூ.20,000. முதல் ஆர்எக்ஸ் 100-களுக்கு அந்த வயது வருவது 2035 நவம்பரில். ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. சனிக்கிழமை வீரகனூர் சந்தைக்கு அதில் போய்வர முடியாது.