கூடைக் கிழங்கும் வண்டிக் கிழங்கும்

காரைக்கால் பக்கத்தில் கிழங்குக்குக் காலம் மார்கழியும் தையும். ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளை மணலில் பாத்தி கட்டிப் புதைத்தால், ஏறக்குறைய மூன்று மாதத்தில் பனங்கிழங்கு தோண்டலாம். பொங்கலுக்குச் சர்க்கரைவள்ளியும் வந்தாக வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்திலும் இந்தக் கணக்கு இதேதான். அந்தக் கிழங்கை அவித்துத் தெருவில் விற்க முனைபவருக்குத்தான் மற்றதெல்லாம் மாறிவிட்டது.

அன்று முதல் என்று தனியாக வேண்டியது குறைவு. வீட்டுப் பானை, பொறுக்கிய பனைமட்டை, சவுக்கு மிலார், ஒரு கூடை, தலைக்குச் சும்மாடு. கிழங்கை வாங்கக் காசில்லாதவர் தண்டல்காரரிடம் போனார். அவர் வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார். அன்றாடம் வசூலுக்கும் வந்தார். பிரெஞ்சு ஆட்சி முடிந்த 1954 நவம்பர் 1 வரை, எல்லையிலுள்ள வாஞ்சூரைத் தாண்டினால் வேறு நாடு, நடுவில் சுங்கச் சாவடி. கூப்பிடு தூரத்திலிருந்த நாகூருக்குக் கூடை சுமப்பதும் எல்லை கடப்பதுதான்.

இன்று தள்ளுவண்டி வேண்டும், ஆவியில் அவிக்கும் பாத்திரம் வேண்டும், மின்னணுத் தராசு வேண்டும். அடுப்புக்கு 19 கிலோ வணிக சிலிண்டர், வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் வைக்கச் சட்டம் இடம் தராது. சும்மா கிடைத்த பனைமட்டையின் இடத்தில் இந்த எரிவாயுதான் இன்றைக்குக் கையைக் கடிக்கும் செலவு. கடலோரக் காற்றுக்குத் தகர மறைப்பு வைக்காவிட்டால் அதிலும் பாதி வீண்.

பணத்துக்கு வழி பிறந்திருக்கிறது. 2020 ஜூனில் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம் முதல் கடனாக 10,000 ரூபாய் தந்தது. 2025இல் அதை 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. அடமானம் கிடையாது, 7 சதவீத வட்டி மானியமாகத் திரும்பும். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கும் பெரிய செலவில்லை.

ஆனால் வரவுப் பக்கத்தில் நான் முதலில் எழுதுவது இந்தக் கடனை அல்ல, நிற்க ஓர் இடம் கிடைத்ததைத்தான். கூடைக்காரிக்குத் தெருவில் எந்த உரிமையும் இருந்ததில்லை. அடிக்காசு கொடுத்த பிறகும், லத்தி தட்டினால் எழுந்து போக வேண்டியதுதான். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவரை அப்புறப்படுத்த முடியாது. அந்தச் சட்டம் அமைக்கச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நாலு பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சட்டம் எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி நடக்கிறதா என்பது வேறு கதை. கேட்பதற்கு ஒரு காகிதமாவது கையில் இருக்கிறது.

வாங்குபவரும் மாறிவிட்டார். நெல் விளையும் டெல்டாவில் அவித்த கிழங்கு பஞ்சகாலத்துத் தீனி. சம்பா கதிரை எதிர்பார்த்துக் கிடந்த கூலிக் குடும்பங்கள் கிழங்கால் பசியாறின. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, திருவிதாங்கூரைத் தாங்கியது மரவள்ளி. சோழநாட்டுச் சாப்பாட்டில் அதற்கு அந்த மரியாதை வரவே இல்லை. இன்று கடற்கரையில் நடைப்பயிற்சிக்கு வருபவர், சோற்றைக் குறைக்கச் சொன்ன மருத்துவரை நினைத்துக்கொண்டு சர்க்கரைவள்ளி கேட்கிறார். அவித்தால் பரவாயில்லை, சுட்டால் ரத்தத்தில் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும்.

பூவரச இலையில் மடித்துத் தந்தது செய்தித்தாளுக்கு மாறி, பிளாஸ்டிக்குக்குப் போய், 2022 ஜூலைத் தடைக்குப் பிறகு பாக்குமட்டைத் தட்டுக்கு வந்திருக்கிறது. வேலியில் பறித்த இலைக்குக் காசில்லை, தட்டுக்கு உண்டு.

கைவிட்டுப் போனது கிழங்கறிவு. குளம் வற்றியதும் தோண்டிய கொட்டிக் கிழங்கை இன்று வண்டியில் தேடிப் பயனில்லை. மரவள்ளியைத் தோல் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டுவார்கள். அதிலுள்ள சயனைடு நஞ்சு குறைவது அப்படித்தான். கூடைக்காரி நஞ்சின் பெயரைக் கேட்டிருக்க மாட்டாள், மூடியை மட்டும் போட மாட்டாள். மூடிவைத்து ஆவியில் அவிக்கும் பாத்திரம் பனங்கிழங்குக்கும் சர்க்கரைவள்ளிக்கும் சரி; மரவள்ளிக்குத் தனிப் பாத்திரம் வேண்டும் என்பதைப் புதிதாக வருபவருக்கு யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சித்திரைக்குள் கிழங்கு வரத்து அருகிவிடும். அன்று விற்றவர் அதன்பின் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். நடவு இயந்திரம் வந்த பிறகு அந்த வேலையும் சுருங்கியது; வங்கித் தவணையோ மாதம் தவறாது. ஆகவே ஆனி மாத மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்கால் அம்மையார் கோயில் பக்கம் வண்டியைத் தள்ளுபவர் அதே பாத்திரத்தில் மக்காச்சோளமும் வேர்க்கடலையும் அவித்தாக வேண்டும்.