தானியங்கிக் கியர்ப் பெட்டியும் அதன் எண்ணெயும்

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில், கப்பலேறி வந்த பழைய மோட்டார் வண்டிகளை நம்மவர் வாங்குவதுண்டு. அவற்றுள் தானியங்கிக் கியர்ப் பெட்டி உள்ள வண்டி, கியரை மாற்றியபின் புறப்படத் தயங்கினாலோ, இயந்திரம் இரைந்தும் வேகம் ஏறாவிடினோ, பெட்டியையே மாற்றவேண்டுமென்ற பேச்சுக்கு நாம் உடனே இணங்கலாகாது. புதிய பெட்டியும் கப்பலில்தானே வரவேண்டும்!

இவ்வகைப் பெட்டியில் இயந்திரத்தின் விசையை ஏந்திச் செல்வது எண்ணெயே. அது குறைந்தால் கிளட்சுத் தட்டுகள் இறுகப் பற்றாது வழுக்கும். ஆகவே எண்ணெயை முதலில் பார்ப்போம். பெரும்பாலும் அது தெளிந்த சிவப்பாயிருக்கும். கருமையும் தீய்ந்த வாடையும் தட்டுகள் தேய்ந்தமைக்கு அடையாளம். பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. ஆண்டிற்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவுகளில், வெள்ளத்தில் நின்ற வண்டியில் இதை அவசியம் சோதிக்கவேண்டும். அந்நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. நீரில் ஊறிய தட்டுகளின் மேலுறை உரிந்துவிடும்.

அந்தமான் டிரங்க் ரோட்டில் வண்டி நின்றுவிட்டால், கயிறு கட்டி இழுக்கச் சம்மதியாதீர்கள். இயந்திரம் ஓடாதபோது எண்ணெய்ப் பம்பும் ஓடாது. உள்ளுறுப்புகள் உலர்ந்து தேயும். லாரியில் ஏற்றிச் செல்வதே தகும்.

2014-இல் நம் நாட்டில் அறிமுகமான ஏ.எம்.டி. வண்டிகளுக்கு இவ்வெண்ணெய்ச் சோதனை பொருந்தாது. அவற்றிலுள்ளது, நம் காலுக்குப் பதிலாகக் கருவியொன்று கிளட்சை இயக்கும் சாதாரணக் கியர்ப் பெட்டியே.