வாரம் 19 பக்கம், நொடிக்கு 8 படம்

ஜப்பானிய கார்ட்டூனை முதன்முறை பார்க்கும் பெரியவர்கள் வழக்கமாக இரண்டு குறை சொல்வார்கள். எல்லாருக்கும் கண் பெரிதாக இருக்கிறது. யாரும் சீக்கிரம் நகர மாட்டேன் என்கிறார்கள். வாளை ஓங்கிக்கொண்டு நாயகன் அந்தரத்தில் நிற்கிறான். பின்னால் கோடுகள் பாய்கின்றன, வாய் மட்டும் திறந்து மூடுகிறது. வெட்டு விழுவதற்குள் விளம்பரம் வந்துவிடும். கண்ணைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சுவாரஸ்யம் இரண்டாவது குறையில்தான். அனிமே என்று உலகம் கொண்டாடும் பாணியில் பாதி, கையில் காசும் நேரமும் இல்லாததால் பிறந்தது.

1963 ஜனவரி 1 அன்று ஃபுஜி டிவியில் ‘டெட்சுவான் ஆட்டம்’ தொடங்கியது. வெளிநாடுகளில் ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்று பெயர் பெற்ற, ஆட்டம் என்னும் இயந்திரச் சிறுவனின் கதை. படைத்தவர் ஒசாமு தெசுகா. மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டு, வைத்தியம் பார்க்காமல் படம் வரையப் போனவர். வாரம் தவறாமல் அரை மணி நேரக் கார்ட்டூன் என்பது அன்றைய ஜப்பானில் யாரும் துணியாத காரியம். டிஸ்னி பாணியில் வழவழவென்று அசைய வேண்டுமானால் நொடிக்கு 12 முதல் 24 படம் வரைய வேண்டும். தெசுகா அதை 8-ஆகக் குறைத்தார். பேசும் காட்சியில் வாயை மட்டும் மாற்றினார். ஆட்டம் பறப்பதை ஒருமுறை வரைந்து பத்திரப்படுத்தி, வேண்டும்போதெல்லாம் எடுத்துச் சேர்த்துக்கொண்டார். அசையாத படத்தின் மேல் கேமராவை நகர்த்தினார்.

அப்படியும் கட்டுப்படியாகவில்லை. செலவுக்கும் குறைந்த விலைக்குத்தான் தொலைக்காட்சிக்கு விற்றார். பள்ளத்தை நிரப்பியது மிட்டாய்க் கடை. விளம்பரதாரரான மெய்ஜி நிறுவனம் தன் சாக்லேட்டோடு ஆட்டம் ஸ்டிக்கர் தந்தது. பிள்ளைகள் ஸ்டிக்கருக்காகச் சாக்லேட் வாங்கினார்கள். படத்தில் நஷ்டம், நாயகனின் முகத்தை விற்பதில் லாபம் என்ற கணக்கு அன்று தொடங்கியது. 1989-ல் தெசுகா இறந்து நாடே துக்கத்தில் இருந்தபோது அனிமே இயக்குநர் ஹயாவோ மியாசாகி ஒரு கசப்பான கட்டுரை எழுதினார்: தெசுகா வைத்த மலிவு விலைதான் பின்னால் வந்த எல்லாருடைய பட்ஜெட்டையும் நெரித்தது என்பது அவர் வாதம். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதும் நேரமா அது என்று கேட்கலாம். ஆனாலும் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இன்று ஒரு அனிமேக்குப் பணம் போடுவது பதிப்பகம், தொலைக்காட்சி, பொம்மைக் கம்பெனி எல்லாம் சேர்ந்த குழு. வரைகிற ஸ்டுடியோவுக்குப் பல நேரம் கூலி மட்டுமே, லாபத்தில் பங்கு இல்லை.

அனிமேக்கு மூலப்பொருள் மாங்கா எனப்படும் படக்கதை. அதன் உலைக்களம் வார இதழ். 1968-ல் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’, மட்டமான தாளில், டெலிபோன் டைரக்டரி கனத்தில் வரும் பையன்கள் பத்திரிகை. 1990-களின் நடுவில், உச்சத்தில், ஒரே இதழ் 65 லட்சம் பிரதிகளைத் தொட்டது. உள்ளே ஒரு அஞ்சலட்டை இருக்கும்; பிடித்த மூன்று தொடர்களை எழுதி அனுப்ப வேண்டும். ஓட்டு விழாத தொடர் சில மாதங்களுக்குள் மூட்டை கட்டும். நம் வார இதழ்களின் தொடர்கதையில் வளர்ந்தவர்களுக்கு ‘அடுத்த வாரம்’ என்ற சொல்லின் பதைப்பு புதிதல்ல. அங்கே அந்தப் பதைப்பு எழுதுபவருக்கும் உண்டு.

கதை, வசனம், படம் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில். பின்னணி வரைய உதவியாளர்கள் இருந்தாலும் வாரத்துக்குச் சுமார் 19 பக்கம் என்பது உடம்பைத் தின்னும் வேலை. எய்சிரோ ஓடா 1997-ல் தொடங்கிய ‘ஒன் பீஸ்’ 100 தொகுதிகளைத் தாண்டியும் முடியவில்லை. ‘ஹன்டர் எக்ஸ் ஹன்டர்’ வரையும் யோஷிஹிரோ தொகாஷி முதுகுவலியால் வருடக்கணக்கில்கூட நிறுத்தியிருக்கிறார், வாசகர்கள் காத்திருக்கிறார்கள்.

மாங்கா என்றால் சண்டையும் சாகசமும் மட்டும்தானே என்று நினைத்துவிட வேண்டாம். 1973-ல் இதே பையன்கள் பத்திரிகையில்தான் கெய்ஜி நகாசாவாவின் ‘வெறுங்கால் கென்’ தொடங்கியது. ஆறு வயதில் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பியவர் அவர். தந்தை, அக்கா, தம்பி மூவரையும் அன்று இழந்தார். அந்தத் தீயை ஒளிவுமறைவில்லாமல் சிறுவர்களுக்கு வரைந்து காட்டினார். தெசுகாவின் ‘புத்தா’வும் 1970-களில் தொடங்கியதுதான். பக்தியோடு கையில் எடுப்பவர்கள் அதில் நடுநடுவே வரும் கேலியைக் கண்டு திடுக்கிடுவார்கள்.

நிறுத்திவைத்த படத்துக்கு வருகிறேன். 1995-ல் வந்த ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ தொடரில் ஒரு காட்சி. ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு பெண்கள் லிஃப்டில் நிற்கிறார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம், அநேகமாக எதுவும் அசைவதில்லை. லிஃப்ட் ஓடும் சத்தம் மட்டும். செலவு மிச்சம்தான், ஆனால் பார்ப்பவருக்கு மூச்சு முட்டுகிறது. தெசுகாவைக் குறை சொன்ன மியாசாகியோ நேர் எதிர்ப்பக்கம்: தண்ணீரையும் புல்லையும் காற்றையும் அசைய வைப்பதற்கு வருடக்கணக்கில் உழைப்பவர். 2003-ல் ஆஸ்கர் வாங்கிய அவருடைய ‘ஸ்பிரிட்டட் அவே’யில், வெள்ளத்தின் மேல் ஓடும் ரயிலில் நாயகி சிஹிரோ பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். எதுவும் நடப்பதில்லை. படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். சிக்கனத்துக்காக வந்த நிதானம், காசிருந்தவர் கையிலும் ருசியாக மாறிவிட்டது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கெல்லாம் அறிமுகம் தேவையில்லை. டோரேமானும் ஷின்சானும் தமிழில் பேசிப் பல காலம் ஆகிறது. 2025-ல் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்’ தமிழ்க் குரலோடு திரையரங்குக்கே வந்தது. பெற்றோர் எங்கே தொடங்குவது என்று கேட்டால் ‘மை நெய்பர் டோட்டோரோ’வைச் சொல்வேன். 1988-ல் அதையும், போரில் அநாதையான அண்ணன் தங்கையின் கதையான ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ படத்தையும் மியாசாகியின் ஜிப்லி ஸ்டுடியோ ஒரே டிக்கெட்டில் காட்டியது. நீங்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். மாங்கா புத்தகம் கிடைத்தால், நமக்குப் பின்னட்டையாகத் தெரியும் பக்கத்திலிருந்து, வலமிருந்து இடமாகப் படியுங்கள். ‘ஒன் பீஸ்’ பக்கம் மட்டும் இப்போதைக்குப் போகாதீர்கள். கோடை விடுமுறை போதாது.