ஏலத்தில் எடுத்த பைனாகுலர்

வேடந்தாங்கல் ஏரிக்கரை, ஜனவரி மாதத்துக் காலை ஏழு மணி. தண்ணீருக்குள் நிற்கும் மரத்தின் உச்சியில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை. என் பைனாகுலரில் மட்டும் இரண்டு. ஒன்றின் தலைக்கு மேல் இன்னொன்று, நிழல் மாதிரி. ஃபோகஸ் சக்கரத்தை முன்னும் பின்னும் திருகிப் பார்த்தேன். இரண்டும் தெளிவாயின, ஒன்றாகவில்லை. பத்து நிமிடத்தில் நெற்றிப்பொட்டு வலிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க தாத்தா, ஒண்ணுதான் தெரியும்" என்றான். ஒற்றைக் கண்ணால் பார்ப்பதற்கா இரட்டைக் குழாயை வாங்கினேன்?

அதை இணைய ஏலம் ஒன்றில் எடுத்திருந்தேன். கடைசி ஒரு நிமிடத்தில் யாரோ ஒருவர் ஐந்நூறு ஐந்நூறாக ஏற்ற, நானும் விடாமல் ஏற, 11,000 ரூபாயில் என் பெயருக்கு முடிந்தது. புதிதாக வாங்கினால் 19,500. பாதி விலைக்கு அடித்துவிட்டோம் என்று அன்று இரவு வீட்டில் பாயசம் வைக்காத குறை. பிறகு வந்தது பில். ஏலக் கமிஷன் 12 விழுக்காடு, 1,320. கமிஷனுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., 238. கூரியர் 650. வேடந்தாங்கலில் இரட்டை நாரையைப் பார்த்த பின் சர்வீஸுக்கு 3,500. ஆக 16,708 ரூபாய். இன்னும் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே போட்டிருந்தால் பெட்டி பிரிக்காத புதுச் சரக்கு, உத்தரவாத அட்டையோடு வந்திருக்கும்.

சர்வீஸ் செய்தவர் சென்னை அண்ணா சாலைப் பக்கம் ஒரு மாடி அறையில் முப்பது வருடமாக லென்ஸ் பிரித்துக்கொண்டிருப்பவர். கையில் வாங்கி லேசாகக் குலுக்கினார். காதருகே வைத்தார். "கீழ விழுந்த சரக்கு சார். உள்ள ப்ரிசம் நகந்துருக்கு" என்றார். பைனாகுலரில் இரண்டு குழாய்களும் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ப்ரிசம் மயிரிழை நகர்ந்தால் ஆளுக்கொரு திசை பார்க்கும். கொஞ்சம் நகர்ந்திருந்தால் மூளை இரண்டையும் இழுத்துப் பிடித்து ஒன்றாக்கிவிடும். அந்த உழைப்புக்குத்தான் தலைவலி. ஏலப் படத்தில் இது தெரியவே தெரியாது. எத்தனை படம் போட்டாலும் தெரியாது.

பிறகு ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு, கண் வைக்கும் பக்கத்திலிருந்து ஒரு சின்ன எல்.இ.டி. டார்ச்சை அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கண்ணாடிக்குள் வெள்ளை வெள்ளையாய் வேர் விட்டிருந்தது, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி, சிலந்தி நூல் போல. பூஞ்சை. வெளிச்சத்தில் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது.

இந்தப் பூஞ்சை நம் கடலோரத்தின் சொந்தப் பிள்ளை. காற்றில் ஈரப்பதம் 60, 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் போதும். தூசி, விரல் எண்ணெய், உள்ளே தடவிய கிரீஸ் இவற்றைத் தின்று வளரும். கோவளம் முதல் கல்பாக்கம் வரை வருடத்தில் பெரும்பாலான விடியற்காலைகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். சுத்தம் செய்தால் நூல் போகும். அது விட்ட அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றிருந்தால் அந்தத் தடம் போகாது. இதனால்தான் ‘கிளீன் பண்ணிக் குடுத்தது’ என்ற வாசகம் ஏலத்தில் வந்தால் நான் இப்போதெல்லாம் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கிறேன்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் பக்கம் சுற்றுலா வந்தவர்களைப் படம் எடுத்துக் கையோடு பிரிண்ட் போட்டுத் தரும் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "நம்ம காத்துல மூணு வருசம் நின்ன லென்ஸ நானே வாங்க மாட்டேன் சார். உப்பு உள்ள போனா வளையம் திருகுறப்பவே நறநறங்கும்." அவர் தொழிலில் எல்லாரும் செகண்ட் ஹேண்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். மூடிய ஸ்டூடியோக்களின் சாமான் மொத்தமாக ஏலத்துக்கு வரும்போது ஐந்தாறு பேர் சேர்ந்து போவார்களாம். போகும்போது ஒருவர் பையில் டார்ச் கட்டாயம். லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து டார்ச் அடிப்பது, துளைத் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது, திருகாணியின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. திருகாணி தேய்ந்திருந்தால் ஏற்கெனவே யாரோ பிரித்த லென்ஸ். இத்தனையும் இரண்டு நிமிட வேலை.

பைனாகுலர் என்றால் கூரை விளிம்பு, மின்கம்பி போன்ற நேர்க்கோடு ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு கண்ணாலும் பார்த்தபடியே கண்ணிலிருந்து மெல்ல அரை அடி முன்னால் தள்ளிப் பிடியுங்கள். கோடு இரண்டு குழாயிலும் ஒரே உயரத்தில் போகிறதா? படி மாதிரி உடைந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். லென்ஸில் இன்னொன்று: அறுபது, எழுபதுகளில் வந்த சில பழையவற்றில் கதிரியக்கத் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. காலப்போக்கில் டீ நிறத்துக்கு மஞ்சளாகும். எடுத்துப் புழங்குவதால் பெரிய ஆபத்து இல்லை. அதை ராவுவது, உடைத்துப் பொடியாக்குவது மட்டும் கூடாது. பழையது சேர்க்கும் பித்து உள்ளவர்களுக்குத்தான் இந்தத் தகவல்.

வெளிநாட்டு ஏலத்தில் எடுப்பவர்களுக்கு வேறொரு குழி. ஜப்பானில் பழைய லென்ஸ் மலிவு என்று பலர் அங்கே கை வைக்கிறார்கள். நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில், மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருள்களின் இறக்குமதி ‘கட்டுப்படுத்தப்பட்ட’ வகையில் இருக்கிறது. அதற்கு அனுமதி வேண்டும். பார்சல் பல தடவை தப்பி வந்துவிடும். தப்பாத தடவை சுங்க அதிகாரி நிறுத்தி வைத்துக் கேட்கலாம். 1962-ஆம் வருடச் சுங்கச் சட்டப்படி பறிமுதல் வரை போகலாம், தண்டம் கட்டி மீட்க நேரலாம். வரி போடுவதும் பொருளின் விலைக்கு மட்டுமல்ல. விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகைக்கு மேல் சுங்கம், அந்தக் கூட்டுத்தொகைக்கு மேல் ஐ.ஜி.எஸ்.டி. ‘கிஃப்ட் என்று எழுதி அனுப்புகிறேன்’ என்று விற்பவர் ஆசை காட்டினால் மயங்காதீர்கள். தபாலில் வரும் அன்பளிப்புக்கு இருந்த 5,000 ரூபாய் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. பொய்யாக விலை எழுதிய பார்சலில் மாட்டிக்கொள்வது அனுப்பியவர் அல்ல, உங்கள் பெயர்.

இனி சட்டம். இதில் எல்லாமே ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: விற்றவர் யார்?

முதலில் ஏலத்துக்கு என்றே உள்ள விதி. 1930-ஆம் வருடப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு அது. சுத்தியல் விழும் வரை உங்கள் ஏலக் கேள்வியை நீங்கள் திரும்பப் பெறலாம். பொருளுக்கு உரியவர் தன் பொருளைத் தானே கேட்பதாக இருந்தால் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் தானோ தன் ஆளை வைத்தோ கேட்டால் அந்த விற்பனையை மோசடி என்று வாங்கியவர் கருதலாம். விலை ஏற்றுவதற்காகப் பொய்க் கேள்வி கேட்டிருந்தால் விற்பனையையே ரத்து செய்யலாம். எனக்கு எதிரே கடைசி நிமிடத்தில் ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றியவர் யார் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். நிரூபிக்க வழியில்லை. அதற்குப் பிறகு, இவ்வளவுக்கு மேல் இல்லை என்று ஒரு தொகையை மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் ஏலத்தில் உட்காருகிறேன். அவர் அடுத்த அறையிலிருந்தே கண்காணிக்கிறார்.

‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் ஏல நிபந்தனைகளில் எப்போதும் இருக்கும். இதைப் படித்ததும் உரிமை எதுவும் இல்லை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படியல்ல. தரத்துக்கு விற்றவர் பொறுப்பில்லை என்று ஒப்பந்தம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, உண்மை. ஆனால் ‘கண்ணாடி சுத்தம், பூஞ்சை இல்லை’ என்று எழுதி விற்றால் வருகிற பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். பொய் வர்ணனைக்கு ‘உள்ளது உள்ளபடி’ எளிதில் குடையாகிவிடாது. அதே சமயம் நீங்கள் நேரில் போய்ப் பொருளைப் பார்த்து எடுத்திருந்தால், பார்த்தபோது கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்கு அப்புறம் வழக்காட முடியாது. டார்ச் கொண்டுபோகச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

அடுத்தது 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விற்றவர் வியாபாரி, நீங்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் என்றால் வழி திறந்திருக்கிறது. திரும்ப விற்பதற்காக வாங்கினால் நீங்கள் நுகர்வோர் அல்ல. மாமல்லபுரத்துத் தம்பி மாதிரி தன் கையால் வேலை செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்குபவரைச் சட்டம் தள்ளிவிடவில்லை. சுயதொழில் பிழைப்பு ‘வணிக நோக்கம்’ ஆகாது என்று விளக்கமே இருக்கிறது. இதைத் தொழில் செய்பவர்கள் பலர் அறியாமல் இருக்கிறார்கள். இணையத்தில் விற்பவர் என்றால் 2020-ஆம் வருட மின்வணிக விதிகளும் சேரும். குறையுள்ள பொருளையோ, சொன்னதற்குப் பொருந்தாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்லக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

ஆனால் தன் வீட்டுப் பழைய சாமானை எப்போதோ ஒரு தடவை விற்கும் தனி ஆளுக்கு இந்த மின்வணிக விதிகள் பொருந்தா. அரசு ஏலமோ இன்னும் கடினம். சண்டிகர் நிர்வாகம் நடத்திய மனை ஏலம் பற்றிய வழக்கில், பொது ஏலத்தில் உள்ளது உள்ளபடி எடுத்தவர் நுகர்வோர் அல்ல என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நிலம் பற்றிய தீர்ப்பு; என்றாலும் அரசு ஏலத்தில் லென்ஸ் எடுத்தவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதை நீட்டக்கூடும். அப்படிப்பட்ட ஏலத்தில், வைத்த முன்பணத்தோடு போனாலும் பரவாயில்லை என்ற மனம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். எனக்கு விற்றவர், நான் தனி ஆள், வியாபாரி இல்லை என்றார். அவருடைய விற்பனைப் பக்கத்தில் அதுவரை முடிந்த ஏலங்களை எண்ணினேன். நாற்பதுக்கு மேல். வீட்டில் நாற்பது பைனாகுலர் கிடப்பவர் தனி ஆளா? அதைப் படம் பிடித்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அவருடைய பதில் சாமர்த்தியமானது: நீங்கள்தான் வெளியே கொடுத்துப் பிரித்திருக்கிறீர்கள், ப்ரிசம் அப்போது நகர்ந்திருக்கும். இழுபறிக்குப் பின் 5,000 ரூபாய் திரும்ப வந்தது. பிரிக்காமல் புகார் கொடுத்திருந்தால் முழுத்தொகையும் கேட்டிருக்கலாம். மெக்கானிக்கிடம் ஓடிய அவசரத்துக்கு நான் கட்டிய விலை அது.

1915-இல் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டம் தந்த பெரிய வசதி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் மதுராந்தகத்துக்காரர் செங்கல்பட்டு ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். குறையை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையம் உத்தரவிடலாம். அதனால்தான் பொருளை வந்த நிலையில் வைத்திருக்கச் சொல்கிறேன்.

பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாதவன் விஷயம் வேறு. அது நுகர்வோர் தகராறு இல்லை, ஏமாற்று. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான். ‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், லென்ஸைப் பாதி விலைக்குத் தருகிறேன்’ என்பது தேய்ந்த பழைய ரெக்கார்டு. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

திருட்டுச் சரக்கும் உண்டு. தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதையின் 317-ஆம் பிரிவு பாயும். தெரியாமல் வாங்கினாலும் பொருள் உரியவருக்குத்தான் போகும். நீங்கள் விற்றவரைத் தேடிக்கொண்டு திரிய வேண்டும். பொருளில் உள்ள வரிசை எண்ணை எழுதிய ரசீது கேளுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் தொடாதீர்கள்.

ஏலம் முடிந்த சில நாளில் விற்றவரின் வர்ணனைப் பக்கம் காணாமல் போய்விடும். கேள்வி வைக்கும் முன்பே அதை முழுதாகப் படம் பிடித்து வையுங்கள். பார்சல் வந்ததும், பெட்டியைக் கத்தியால் கீறுவதிலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.